றொசல்ல ஸ்டேஷனில் கைமாறிய வயலின்

போன ஐப்பசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், றொசல்ல ஸ்டேஷனில், ரயில் ஜன்னல் வழியாக என் வயலினை முன்பின் தெரியாத ஒரு மனுஷன் கையில் கொடுத்துவிட்டேன். கொடுக்கும்போது அவர் யாரோ என்று எனக்குத் தெரியாது. என் தம்பி ரவி என்று நினைத்துத்தான் கொடுத்தேன்.

மாரியம்மன் தாயை நம்பி வாழ்கிற என் சொந்தங்களே, எனக்கு வாசிக்கத் தெரிந்த அளவுக்கு எழுதத் தெரியாது. திருவிழா மலருக்கு எழுதச் சொன்னபோது முடியாது என்றுதான் சொன்னேன். அம்மா விடவில்லை. "ஊரு கேக்க அவளத் திட்டுனியே, இப்ப ஊரு கேக்க நன்றி சொல்லு" என்றார். அம்மா சொன்னது நியாயம். அம்மனைத் திட்டியது நான்தான். அதனால் எழுதுகிறேன்.

நான் றொசல்லவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அம்மா இன்றைக்கும் கொழுந்து எடுக்கிறார். போதும், வீட்டில் இருங்கள் என்று சொன்னால் சண்டைக்கு வருவார். அந்தக் குணம் கொஞ்சமும் குறையாமல் எனக்கும் வந்திருக்கிறது. ஹட்டனில் படித்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த சங்கீத டீச்சர் ஒருவர் என் கையில் வயலினைக் கொடுத்தார். அன்றைக்குப் பிடித்ததை நான் இன்னும் விடவில்லை. கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை, லண்டன் என்று எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். ஆனால் எல்லாம் பக்கவாத்தியம். பாடுகிறவர் நடுவில் இருப்பார், நான் ஓரத்தில் இருப்பேன். அவர் போகிற பாதையில் பின்னாலேயே போக வேண்டும். கைதட்டும்போது அவர் முகத்தைப் பார்த்துத் தட்டுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாகக் கொழும்பில் ஒரு பெரிய மண்டபத்தில் நடுவில் உட்காரப் போகிறேன். தனிக் கச்சேரி. மிருதங்கமும் கடமும் எனக்குப் பக்கத்தில். இதற்காக நான் காத்திருந்த வருஷங்களைச் சொன்னால் உங்களுக்குப் பாவமாக இருக்கும்.

ஒரு வயலின் தொலைந்தால் இன்னொரு வயலினை இரவல் வாங்கி வாசிக்க வேண்டியதுதானே என்று நினைப்பீர்கள். முடியாது. என் சுண்டுவிரல் குட்டை. முழு அளவு வயலினில் அது எட்டாது. டீச்சர்தான் எங்கேயோ சொல்லி, சின்னப் பிள்ளைகள் வாசிக்கிற அளவுக்கும் பெரியவர்கள் வாசிக்கிற அளவுக்கும் நடுவில் ஓர் அளவில் எனக்கு ஒரு வயலின் எடுத்துத் தந்தார். அப்படி ஒன்று இலங்கையில் இன்னொருவரிடம் இருப்பதாக நான் கேள்விப்படவில்லை. அந்த வயலின் இல்லையென்றால் எனக்குக் கச்சேரி இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

கச்சேரிக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஏன் மலைக்கு வந்தேன்? அம்மாவால். வயலினைக் கொண்டுவந்து நம்ம அம்மன் காலடியில் வைத்து எடுத்துக்கொண்டு போ என்று ஒரு மாதமாகப் போனில் அதே பேச்சு. கொழும்பில் இல்லாத கோயிலா என்று கேட்டேன். "அங்க இருக்கிறவ கொழும்பு ஆத்தா. இவ ஒன்னயப் புள்ளையிலேருந்து பாத்தவ" என்றார். வெள்ளிக்கிழமை வருவது, சனிக்கிழமை காலையில் கோயில், மத்தியானம் ரயிலேறிவிடுவது என்று முடிவு செய்தேன். முணுமுணுத்துக்கொண்டேதான் கிளம்பினேன்.

விடுமுறை நாள் கூட்டம். கதவுப் பக்கமெல்லாம் பெரிய பெரிய பைகளோடு வெள்ளைக்காரப் பிள்ளைகள் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் நடுப்பெட்டியில் நசுங்கிக்கொண்டு வந்தேன். நம் பக்கத்து ஆட்களுக்கு இது தெரியும். றொசல்ல மாதிரிச் சின்ன ஸ்டேஷனில் ரயில் நிற்பதும் தெரியாது, கிளம்புவதும் தெரியாது. அதனால் சாமான் முதலில் ஜன்னல் வழியாகப் போகும். நாம் பிறகு கதவு வழியாக இறங்குவோம். கீழே நிற்கிறவர் யாரானாலும் கையை நீட்டி வாங்குவார். கைப்பிள்ளையைக்கூட அப்படி இறக்கியிருக்கிறார்கள்.

ரயில் நின்றபோது வெளியே ஒரே பனிமூட்டம், தூறல் வேறு. ஜன்னலுக்கு நேராக நீல மழைக்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக ஒருவர் நின்றார். ரவியும் அதே கோட்டுத்தான் போடுவான். அந்தச் சுற்று வட்டாரத்தில் பாதிப் பேர் அதே கோட்டுத்தான் என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் ஏறவில்லை. "புடிடா, தலைகீழாப் புடிக்காத" என்று பெட்டியைக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். ஏதோ சொன்னார். ரயில் கூவியதில் காதில் விழவில்லை.

நான் கதவுக்குப் போவதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. கத்தினேன். தள்ளினேன். யாரோ ஒரு பிள்ளை என்னைக் குதிக்க விடாமல் இழுத்துப் பிடித்தது. சரி, வயலின் தம்பியிடம் இருக்கிறது, நான் ஹட்டனில் இறங்கித் திரும்பி வந்தால் போகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு அவனுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, கோவிச்சுக்காத. ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. நான் இன்னும் ஸ்டேஷனுக்கே வரல."

 "அப்ப நான் யாருகிட்டடா குடுத்தேன்?" என்று கேட்டேன். அதற்குள் லைன் அறுந்துவிட்டது.

மற்றப் பையை ரயிலிலேயே மறந்துவிட்டு ஹட்டனில் இறங்கி ஓடினேன். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து கச்சேரி ஏற்பாட்டாளர் போன் எடுத்தார், மண்டபத்தில் ஒலிபெருக்கி எங்கே வைப்பது என்று கேட்க. பொய் சொல்ல வாய் வரவில்லை, நடந்ததைச் சொன்னேன். பாவம், அவரும் பதறிப்போனார். நாளை பொழுது சாய்வதற்குள் வயலின் கிடைத்ததா இல்லையா என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வேறொரு கலைஞரை ஆயத்தமாக இருக்கச் சொல்ல வேண்டும் என்றார். அவர் மேல் பிழை இல்லை. டிக்கெட் வாங்கிய சனத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டுமே.

ஆட்டோ பிடித்து, மரம் விழுந்த இடத்தில் இறங்கி, மீதி வழியை நடந்தே றொசல்லவுக்கு வந்து சேர்ந்தேன். ரவி அங்கே நனைந்துகொண்டு நின்றான். பிளாட்பாரத்தில் வேறு ஒரு குருவி இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு சிங்களவர், நல்ல மனுஷன். நீளமான பெட்டியோடு ஒருவர் வெகுநேரம் மழையிலேயே நின்றதைப் பார்த்தாராம். யாருக்கோ காத்திருக்கிறார் என்று நினைத்தாராம். மறுபடி எட்டிப் பார்த்தபோது ஆள் இல்லையாம். எந்தப் பக்கம் போனார்? தெரியாது. ஸ்டேஷனைச் சுற்றி நாலு பக்கமும் தோட்டம், நாலு பக்கமும் ஒற்றையடிப் பாதை, எல்லாம் பனிக்குள்.

அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் பிடித்தது. நம் லயத்து வீடுகளில் ஒரு பொருள் நனைந்தால் என்ன செய்வோம்? அடுப்புக்கு மேலே பரணில் வைப்போம். விறகு, சாக்கு, பிள்ளைகள் காலில் போடுகிற சப்பாத்து, எல்லாம் அங்கேதான் காயும். வயலினைப் பிடித்து வைத்திருப்பது ஆணி இல்லை, பசை. ஈரத்தோடு சூடும் சேர்ந்தால் பசை விட்டுவிடும். விடியும்போது பலகை பலகையாகக் கிடக்கும். ஒரு கள்ளன் எடுத்திருந்தால் விற்பதற்காகவாவது பத்திரமாக வைத்திருப்பான். ஏதாவது நல்ல மனுஷன் கையில் கிடைத்து, ஐயோ நனைந்துவிட்டதே என்று அடுப்புக்கு மேலே வைத்துவிடுவாரோ என்றுதான் நான் பயந்தேன்.

மரம் கரண்ட் கம்பி மேலேயே விழுந்திருந்தது. வெளிச்சம் இல்லை. கொஞ்ச நேரத்தில் போன் சிக்னலும் செத்துப்போனது. யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

தோட்டத்துக்கு வரும்போது கோயிலில் விளக்கு வைக்கிற நேரம். அம்மா வாசலில் காத்துக்கொண்டு நின்றார். பூ, தேங்காய், பழம் எல்லாம் தட்டில் ஆயத்தமாக இருந்தது. என் வெறுங்கையைப் பார்த்தார்.  நான் உள்ளே போகவில்லை. படியிலேயே நின்று, மணியடிக்கிற சத்தத்துக்கும் மேலே கத்தினேன்.

"ஒன்னயப் பாக்கத்தானே வந்தேன்! கொழும்புலயே கெடந்திருந்தா என் வயலின் என் கையில இருந்திருக்கும். பாத்துக்கிட்டுத்தானே இருந்த? சொல்லு, எங்க வச்சிருக்க?"

பூசாரி தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்து போனார்கள். அம்மா என் தோளைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. எவ்வளவு அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

விடிந்ததும் அம்மா கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டு, "எந்திரி, பெரட்டுக்குப் போவோம்" என்றார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், பெரட்டு என்றால் காலையில் எல்லாத் தொழிலாளர்களும் ஓர் இடத்தில் கூடி, யார் எந்த மலைக்கு வேலைக்குப் போவது என்று பெயர் கூப்பிடுகிற இடம். போன் செத்தாலும் பெரட்டு சாகாது. ஒவ்வொரு தோட்டத்திலும் அதே நேரத்துக்கு அத்தனை வீட்டு ஆட்களும் அங்கே வந்து நிற்பார்கள். ரவி விடிவதற்கு முன்னமே தன்னோடு ஆட்டோ ஓட்டுகிற நண்பர்களை எழுப்பி, ஒரு தோட்டத்துக்கு ஒருவராக அனுப்பிவிட்டிருந்தான்.

எங்கள் பெரட்டில் பெயர் கூப்பிடுகிற கணக்கப்பிள்ளை என்னையே பேசச் சொன்னார். எத்தனை மண்டபம் பார்த்தவள் நான், அந்தத் தூறலில் அந்தப் பெண்கள் முன்னால் தட்டுத்தடுமாறித்தான் பேசினேன். கறுப்புப் பெட்டி, ரயிலில் கொடுத்தேன், யார் வைத்திருந்தாலும் கோபம் இல்லை, தயவுசெய்து அடுப்புப் பக்கம் மட்டும் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நின்றேன். ஒருவரும் கையைத் தூக்கவில்லை. ஒரு அக்கா மட்டும் போகிற போக்கில் என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனார்.

அம்மா வேலைக்குப் போகவில்லை. அன்றைக்குப் பெயரை வெட்டிச் சம்பளம் போனாலும் போகட்டும் என்று என்னைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். படியில் நான் மறுபடியும் நின்றுவிட்டேன்.

"என்னத்த வைக்கிறது? கையில ஒண்ணும் இல்லையேம்மா."

"வெறுங்கையோட வந்தா வெரட்டவா போறா? உள்ள வா."

போனேன். வயலின் வைக்க வேண்டிய இடத்தில், அம்மன் காலடியில், என் இடது கையை வைத்தேன். தந்தி அழுத்தி அழுத்தி நுனியெல்லாம் காய்த்துப்போன விரல்கள். இந்தக் கையைத் தவிர என்னிடம் ஒன்றும் இல்லை தாயே என்றேன். முந்தின நாள் போட்ட சத்தமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. கச்சேரியைக்கூட நான் கேட்கவில்லை. "யாரு கையில குடுத்தேனோ, அவரு கைய நீ புடிச்சுக்க. அடுப்புப் பக்கம் போக விடாத" என்று அதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

வெயில் லேசாக எட்டிப் பார்த்தது. போனவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி வந்தார்கள். அந்தத் தோட்டத்தில் இல்லை. இந்தத் தோட்டத்தில் இல்லை. சிக்னல் வந்து என் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். கொழும்பிலிருந்து மிருதங்கக்காரர். பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். மத்தியான ரயிலுக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

கடைசியாக ரவியின் ஆட்டோ சத்தம் கேட்டது. இறங்கி ஓடி வந்தான். முகத்தில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"அக்கா, இருக்கு. ஆனா குடுக்க மாட்டேங்கிறாங்க. அங்க கோயில்ல வச்சிருக்காங்களாம். பொருளுக்குரியவங்க நேர்ல வந்து, ஆத்தா முன்னுக்கு நின்னு கேட்டாத்தான் குடுப்பாங்களாம்."

பாதையின் கீழ்ப்பக்கம், ஆற்றைத் தாண்டி ஒரு தோட்டம். அந்தப் பெரட்டில் செய்தியைச் சொன்னபோது ஒரு பெண் கையைத் தூக்கியிருக்கிறார். தன் மாமனார் நேற்று ஒரு பெட்டி கொண்டுவந்தார் என்று. அம்மாவும் நானும் ஆட்டோவில் பறந்தோம். வழியெல்லாம் எனக்கு ஒரே கேள்விதான். கொடுப்பார்கள், சரி. எந்த நிலையில் கொடுப்பார்கள்?

சின்னக் கோயில். தகரக் கூரை. உள்ளே மாரியம்மன். அவள் காலடியில் என் வயலின் பெட்டி. மேலே ஒரு செவ்வந்திப் பூ. மூடியில் நடுவாக ஒரு குங்குமப் பொட்டு.

அப்படியே அதன் முன்னால் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மாமனார் பெயர் ஆறுமுகம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அதே நீலக் கோட்டு. ஜன்னலில் பெட்டி வந்ததும் வழக்கம்போல வாங்கியிருக்கிறார். நான் அவனில்லைங்க என்று சொல்லியும் இருக்கிறார், என் காதில்தான் விழவில்லை. நான் திரும்பி வருவேன் என்று மழையில் நின்று பார்த்திருக்கிறார். பிறகு சந்தியில் தேத்தண்ணிக் கடையில் சொல்லிவிட்டுப் போகலாம் என்று போனால், கரண்ட் இல்லாமல் கடையை மூடிவிட்டார்கள். பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

"அடுப்புக்கு மேல வைக்கச் சொல்லித்தான் பொஞ்சாதி சொன்னா. நானும் தூக்கிட்டேன். என்னமோ மனசு கேக்கலங்க. ஊரான் பொருளு, ஆத்தாகிட்ட ஒப்படைச்சிட்டா நிம்மதியாத் தூங்கலாம்னு அப்புடியே கொண்டாந்துட்டேன்" என்றார்.

எப்போது கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். பூசாரிதான் பதில் சொன்னார், முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரம் என்று. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் எங்கள் கோயில் படியில் நின்று எங்க வச்சிருக்க, எங்க வச்சிருக்க என்று கத்திய அதே நேரம். அப்போது அதை அவள் காலடியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் எங்கே வைக்க வந்தேனோ, அங்கேயே.

பூசாரி லேசான ஆள் இல்லை. உங்களுடையதுதான் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். சூடம் கொளுத்திச் சத்தியம் செய்கிறேன் என்றேன். "சத்தியம் எதுக்குங்க? ஒங்க சாமானுன்னா வாசிச்சுக் காட்டுங்க" என்றார்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஈரம் இறங்கவில்லை. ஆனால் தந்தியெல்லாம் தளர்ந்து, தந்தியைத் தாங்குகிற குதிரை சரிந்து கிடந்தது. பலகையை விரலால் சுற்றிலும் தட்டிப் பார்த்தேன். எங்கேயும் பசை விடவில்லை. குதிரையை நிறுத்தி, ஒவ்வொரு தந்தியாக ஏற்றினேன். ஒரு தந்தி அறுந்தால்கூட மாற்றுத் தந்தி ரயிலில் போன என் மற்றப் பைக்குள் இருந்தது. தந்தி முறுக்குகிற பிருடையைத் திருகும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் அறுபடவில்லை.

அம்மன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஆனந்தபைரவி வாசித்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கண்ணைத் திறந்தபோது கொழுந்து நிறுக்கப் போகிற வழியில் பெண்கள் கூடையோடு வாசலில் நின்றிருந்தார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். பூசாரி கண்ணைத் துடைத்துவிட்டு, "எடுத்துக்கிட்டுப் போங்க, ஒங்களுதுதான்" என்றார்.

மத்தியான ரயில் போய்விட்டிருந்தது. ஹட்டனுக்குப் போய் பஸ் பிடித்தோம். வழியிலேயே ஏற்பாட்டாளருக்குப் போன் எடுத்து, வயலின் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை நடுவில் உட்கார்ந்து வாசித்தேன். சுண்டுவிரல் எட்ட வேண்டிய இடமெல்லாம் எட்டியது. முன்வரிசையில் அம்மா. ஆறுமுகம் ஐயாவையும் வரச் சொல்லிக் கெஞ்சினேன். மாட்டுக்குப் புல் அறுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து நான் தனியாகவும் வாசிக்கிறேன், ஓரத்தில் உட்கார்ந்தும் வாசிக்கிறேன். இரண்டும் எனக்கு இப்போது ஒன்றுதான். எந்தக் கச்சேரிக்கு முன்னாலும் அந்தத் தகரக் கூரைக் கோயிலுக்குப் போய், யாரும் கேட்காமலே வாசித்துவிட்டு வருவேன். என் கோபம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது, அதை அவள் எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியில் இருந்த குங்குமப் பொட்டை நான் துடைக்கவில்லை. விமான நிலையத்தில் ஒரு அதிகாரி இது என்ன கறை என்று கேட்டார். என் அம்மா வைத்தது என்றேன்.

சொந்தங்களே, உங்களுக்கும் ஏதாவது கை நழுவிப் போயிருக்கலாம். யார் கையில் இருக்கிறதோ, எந்த அடுப்பில் காய்கிறதோ என்று தவித்துக்கொண்டிருக்கலாம். அவளிடம் போங்கள். கோபம் வந்தால் கோபத்தோடே போங்கள், அவள் கேட்டுக்கொள்வாள். ஆனால் என்னைப் போலப் படியிலேயே நின்றுவிடாதீர்கள். உள்ளே போங்கள். காலடியில் வைக்க ஒன்றும் இல்லையென்றால், கையை வையுங்கள்.